இன்னாசிக்குக் காட்ட ஒரு கிதார்

ஜனவரி 3, புதன்

பார்சல் வந்தது. பேத்தி அக்ஸிலியா கூடத்தில் போட்டுப் பிரித்தாள். வழவழவென்று ஒரு மரப்பலகை, நீளமாக ஒரு கழுத்து, பை நிறைய திருகாணி, காந்தம், ஒயர். எல்லாவற்றையும் சேர்த்தால் மின்சாரக் கிதார் என்றாள். செய்ததாகவே வாங்கினால் என்ன என்று கேட்டேன். கையால் செய்தால்தான் தன்னுடையதாம்.

அதுகூடப் பரவாயில்லை. செய்து முடித்துப் பெயின்ட் அடித்து, பிறகு அந்தப் பெயின்ட்டைத் தேய்த்துப் பழசாக்கப் போகிறாளாம். இப்போது அதுதான் பேஷனாம். மருமகன் ஜெரால்டு சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். செந்தண்ணீர்புரத்தில் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிக்கிற ஷெட் வைத்திருப்பவர். கீறலை எடுப்பதுதான் அவருக்குச் சோறு. மகள் கீறல் போடப்போகிறாள் என்றதும் அவருக்கு ரசம் இறங்கவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

இன்னாசியின் மகன் பத்திரிகை கொண்டுவந்தான். பொன்னொலி மெல்லிசைக் குழுவுக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. பிப்ரவரி 11, ஞாயிறு மாலை, பொன்மலையில் கல்யாண மண்டபத்தில். பழைய கலைஞர்கள் பெயரெல்லாம் அச்சடித்திருந்தார்கள். "கிதார்: அமரர் சந்தியாகு." என் வீட்டுக்காரர். "நிறுவனர்: இன்னாசிமுத்து மாஸ்டர்" மட்டும் பெரிய எழுத்தில், போட்டோவோடு. போட்டோவில் சிரிக்கிறான்.

மகனுக்குக் காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

மறந்துபோகும் என்று நான் எழுதுவதில்லை. எனக்கு எதுவும் மறக்காது. பிற்பாடு யாரும் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன். எங்களிடம் ஒரு மின்சாரக் கிதார் இருந்தது. பொன்மலையில் இன்ஜின் டிரைவராக இருந்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பால் வெள்ளையில் வந்தது. என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர். அதன் மேலேயே ரயில்பெட்டிச் சிவப்பை அடித்துவிட்டார். 1981 ஆகஸ்டில் ஒயர் பழுது என்று இன்னாசி அதை மெட்ராஸுக்கு எடுத்துப்போனான். வெறுங்கையோடு வந்தான். விழுப்புரத்தில் வண்டி மாறும்போது ரயிலிலேயே விட்டுவிட்டானாம். மறுமாதமே மேடையில் பாட்டை எதிரொலிக்கவைக்கும் புது எக்கோ மிஷின் உட்கார்ந்திருந்தது. அது எங்கிருந்து வரும்? கிதாரை விற்றுத்தான் வரும். என் வீட்டுக்காரர், "போவட்டும் மதலை, மனுசன் அழுவுறான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அன்றிலிருந்து இன்னாசியோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்துக்கு வந்தபோதும் பேசவில்லை.

ஜனவரி 6, சனி

பாத்திரம் துலக்கும்போது யோசனை வந்தது. புதுக் கிதாரைப் பழசாக்க முடியும் என்றால் எங்கள் பழைய கிதாராகவே ஆக்கிவிடலாமே. அதே சிவப்பு, அதே தழும்பு. விழாவுக்குக் கொண்டுபோய் இன்னாசி மடியில் வைப்பேன். விற்றவனுக்குத்தான் அது யாரிடம் போனது என்று தெரியும். "இது அவன்கிட்டல்ல இருந்துச்சு" என்று சபை நடுவே உளறுவான். அவன் வாயாலேயே வர வேண்டும். அது வந்தால் போதும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

நுரைக் கையோடு போய் அக்ஸிலியாவிடம் சொன்னேன். கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். "அம்மாச்சி, இதுக்குப் பேரு ஃபோர்ஜரி" என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல வார்த்தையாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 8, திங்கள்

தழும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்ஸிலியா சாக்பீஸால் பலகையில் குறித்தாள். தந்திக்குக் கீழே வாழைப்பூ மடல் அகலத்துக்குச் சிவப்பு போய், வெள்ளை போய், மரம் தெரியும். பின்பக்கம் நடுவில் உராய்ந்து மங்கியிருக்கும். கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் ஓடும் இடம் தேன் நிறம். கீழ் விளிம்பில் அடுப்புச் சூடு பட்டு ஒரு கருப்பு வட்டம். மேல் விளிம்பில், வலது முன்கை படுகிற இடத்தில், மெல்லிசாகக் கோடுகள் அடுக்கடுக்காக.

"அடுப்புச் சூடா? கிதாருக்கு அடுப்படில என்ன வேல?" என்று அக்ஸிலியா கேட்டாள்.

வீடு சின்னது என்றேன்.

ஜனவரி 10, புதன்

சிவப்பு கிடைக்கவில்லை. ஜெரால்டு தகரத் துண்டுகளில் மாதிரி அடித்து வரிசையாக வைத்தார். முதலாவது தக்காளி. அடுத்தது கல்யாணப் பத்திரிகை. அதற்கடுத்தது தனியார் பஸ். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். கஸ்டமர்கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை அத்தை என்றார். கடைசியில் சிவப்பில் கொஞ்சம் கருப்பும் ஒரு சொட்டு மஞ்சளும் விட்டுக் கலக்கியபோது, டப்பாவுக்குள் எங்கள் பழைய ரயில் வந்து நின்றது. அக்ஸிலியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதான்" என்றாள்.

முதலில் வெள்ளை, அது காய்ந்த பிறகு சிவப்பு. இந்தக் காலத்துப் பெயின்ட் வேண்டாம், பழைய என்.சி. பெயின்ட்தான் நாள்பட்டது மாதிரி கோடுகோடாக வெடிக்கும் என்று பேத்தி அப்பாவுக்குச் சொன்னாள். வெடிக்காத பெயின்ட்டுக்குத்தான் ஊரே என்னைத் தேடி வருகிறது என்று அவர் முனகினார். ஆனால் அடித்தார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. கிதார் காய்கிறது.

ஜனவரி 18, வியாழன்

திருகாணியெல்லாம் பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி இருந்தன. வினிகரில் உப்புப் போட்டு ஊறவைத்தோம். ரெண்டு நாளில் நல்ல துரு. மகள் லீமா ஊறுகாய் என்று நினைத்துக் கரண்டியை விட்டுவிட்டாள். இந்த வீட்டில் இனி எதையும் மோந்து பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்திருக்கிறாள்.

ஜனவரி 20, சனி

இன்றைக்குத் தழும்பு போடும் நாள். ஷெட்டில் ஒரு பெஞ்சைக் காலி செய்து கொடுத்த ஜெரால்டு, பார்க்கச் சகிக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

நானே போட்டேன். உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்க்கத் தேய்க்க, சிவப்பு கரைந்து வெள்ளை எட்டிப் பார்த்தது, வெள்ளைக்குள்ளிருந்து மரம் வந்தது. சாவிக்கொத்தால் ஓரத்தில் ரெண்டு போடு போட்டேன். இந்த வயதில் ஒரு பொருளை அடித்து நொறுக்கு என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஒவ்வொரு அடிக்கும் இன்னாசி பேரைச் சொன்னேன். அக்ஸிலியா செல்போனில் படம் எடுத்துக்கொண்டே குதித்தாள். பக்கத்து ஷெட்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஜெரால்டு மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பிப் போனார்கள்.

மேல் விளிம்புக் கோடுகளுக்கு உப்புத்தாள் சரிப்படவில்லை. கடைசியில் என் வளையலைக் கழற்றி அதனாலேயே இழுத்தேன். அச்சாக அதேதான். பேத்தி படம் எடுப்பதை நிறுத்தினாள்.

"அம்மாச்சி, தாத்தா வளையல் போட்டிருந்தாரா?"

கேள்வி கேட்காமல் பலகையை அசையாமல் பிடி என்றேன். பிடித்தாள். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும். அந்தக் காலத்தில் எதிர்வீட்டு ரேடியோவில் பாட்டு ஒரு தடவை போனால் எனக்கு ராகம் தாளம் முழுதும் மனதில் நிற்கும். என் வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்வேன். கிதாரைத் துடைத்து வைப்பேன். அவ்வளவுதான்.

ஜனவரி 23, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது. காய்வதற்காகக் கிதாரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். நேற்று ஒரு காருக்கு அவசரம் என்று ஜெரால்டு ஓடிக்கொண்டிருந்தாராம். பெஞ்சில் கீறலோடு ஒரு சாமான் கிடந்ததாம். கை தன்னால் போய்விட்டது. பட்டி பார்த்து, எமரி தேய்த்து, வெள்ளை அடித்து, சிவப்பு அடித்து, இன்று காலையில் மெருகும் ஏற்றிவிட்டார். அதில் தன் முகம் தெரிந்த பிறகுதான் அது எது என்று நினைவு வந்ததாம்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அத்தை, கீறலப் பாத்தா கை நிக்க மாட்டேங்குது" என்றார்.

ஒரு தழும்பு மிச்சமில்லை. மோர் கேட்டார், என் கையால் கொடுக்காமல் லீமாவிடம் கொடுத்தனுப்பினேன். அடுக்களைக்குள் வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியக் கூடாது. ஒரு வாரமாவது பயம் இருக்கட்டும்.

ஜனவரி 27, சனி

திரும்பவும் எல்லாத் தழும்பும் போட்டோம். இந்தத் தடவை அக்ஸிலியா கிதார் மேல் "தொடாதே" என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள், அப்பா போட்டோவோடு.

அடுத்தது பெயின்ட் வெடிக்க வேண்டும். குளிரில் வைத்துச் சட்டென்று வெயிலில் காட்டினால் வெடிக்குமாம். எங்கள் பிரிட்ஜில் கிதார் நுழையாது. முக்கில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போய்க் கேட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார். கிதாருக்குச் சூடு என்றேன். அவர் ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். குச்சி ஐஸுக்கும் குல்பிக்கும் நடுவில் படுக்கவைத்தோம். நடுவில் ஒரு குழந்தை ஐஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு இந்த ஐஸ் வேணும் என்று கையைக் காட்டி அழுதது.

உச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோனோம். டிக். டிக். டிக்கடிக்கென்று முட்டை ஓடு வெடிப்பது மாதிரி சத்தம். சிவப்பு முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியது. நானும் பேத்தியும் கைகோத்துக்கொண்டு மாடியைச் சுற்றி ஆடினோம். துணி காயப்போட வந்த லீமா வாளியோடு அப்படியே கீழே இறங்கிவிட்டாள்.

பிப்ரவரி 1, வியாழன்

அக்ஸிலியா காந்தத்தை வைத்து, ஒயரைப் பற்றவைத்து, தந்தி கட்டினாள். கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரு ஆம்ப்ளிபயர் இரவல் வாங்கி வந்திருந்தாள். சொருகியதும் ஊவென்று கத்தியது. உள்ளே ஏதோ மாற்றினாள், அடங்கியது.

எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மடியில் வைத்துப் பார்த்தேன்.

உலையில் வைத்த தண்ணீர் வற்றிப் பானை கருகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். பாத்திரம் துலக்கியதில் வந்திருக்கும் என்றேன். "எடது கையாலயா அத்தை துலக்குறீங்க?" என்று ஜெரால்டு கேட்டார். மோர் விஷயத்துக்குப் பழி வாங்குகிறார்.

பிப்ரவரி 9, வெள்ளி

முடிந்தது. கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. இன்னாசியிடம் சொல்லப்போவதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். "யாருகிட்ட வித்தீங்கன்னு இப்ப சொல்லுங்க." நன்றாக இருந்தது. மறுபடி சொன்னேன், இடுப்பில் கை வைத்து. அது இன்னும் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். ஜெரால்டு கார் எடுத்தார். கிதார் பெட்டியோடு என் மடியில். மண்டபத்தில் பொன்மலைப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பாதிப் பேருக்குப் பல் இல்லை. இன்னாசி முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான், காதில் மிஷின், கையில் தடி. நேராகப் போனேன். கூட்டம் விலகியது. நான் அவனோடு பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பெட்டியைத் திறந்து கிதாரை அவன் மடியில் வைத்தேன். வைத்துவிட்டுக் குனிந்து நின்றேன், அவன் மெதுவாகச் சொன்னாலும் பேர் காதில் விழ வேண்டும் என்று.

சிவப்பைத் தடவினான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"மதலை, எந்த ஸ்டேஷன்ல கெடச்சுது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"விழுப்புரத்துலயா? பார்சல் ஆபீஸ்லயா? நான்தான் சொன்னேனே, அங்கதான் கெடக்கும்னு. ஒருத்தனும் தேடல." சொல்லிக்கொண்டே அழுகிறார், அழுதுகொண்டே சிரிக்கிறார். அவர் மகன் என் பக்கம் குனிந்து சொன்னான், அப்பா எந்த ரயிலில் போனாலும் விழுப்புரத்தில் இறங்கி விசாரித்துவிட்டுத்தான் ஏறுவாராம். ஒரு தடவை விசாரித்துக்கொண்டு நின்றதில் ரயில் போய்விட்டது, சொந்தத் தங்கச்சி கல்யாணப் பூசைக்கே போய்ச் சேரவில்லை. விழுப்புரத்தில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று அம்மா கேலி செய்வாராம்.

இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த கோபம். ஒரே கேள்வியில் படுத்துவிட்டது. விழுப்புரம்தான் என்று சொல்லிவிட்டால் மனிதர் சந்தோஷமாக இருப்பார். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொன்னவர் என்று ஒருவரை நாற்பது வருஷம் ஏசிவிட்டு, அவரிடமே நான் பொய் சொல்ல மாட்டேன்.

"இது அது இல்ல. எம் பேத்தி புதுசா செஞ்சது. நீங்க வித்துட்டீங்கன்னு நெனச்சேன். ஒங்கள மாட்டிவிடத்தான் செய்யச் சொன்னேன்."

அவர் கிதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்ஸிலியாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காது மிஷின் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். மகன் அதை எடுத்து மாட்டிவிட்டான்.

"எல்லாம் அப்பிடியே இருக்கே மதலை. இந்த அடுப்புச் சூடு, இந்தக் கோடு. சந்தியாகு இருந்திருந்தா அவனுக்கே இவ்வளவு ஞாபகம் இருக்காது."

"என் கிதாரு. எனக்கு ஞாபகம் இல்லாம வேற யாருக்கு இருக்கும்?"

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. லீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அந்தக் கிதார் போய்விட்டது. அக்ஸிலியா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

இன்னாசி அண்ணன் தலையை ஆட்டினார். "தெரியும்" என்றார். "சாயந்தரம் ஒரு பாட்டச் சொல்லிவிடுவேன். அவனுக்கு ராத்திரி டூட்டி. விடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டு ரிகர்சலுக்கு வருவான், பாட்டு ரெடியா இருக்கும். ஒர்க்‌ஷாப்புல பெயின்ட் அடிச்சுக்கிட்டேவா கத்துக்கிட்டு வந்தான்? காலையில நீ அவனுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புவ. தெரியும் மதலை."

நேராகவே கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் ஒருநாள்கூடச் சொல்லல?"

அவர் தடியைக் காலுக்கிடையில் நட்டுக்கொண்டார். "சொன்னா சந்தியாகு தல குனிஞ்சிருவான்னு நெனச்சேன். ஒன் தல நிமிரும்னு நெனைக்கத் தோணல. தப்புதான்."

சபை நடுவே, அவர் வாயாலேயே. நான் கேட்கப் போனது இதையல்ல.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அவர் தடியை ஊன்றி எழுந்து மேடையேறி மைக்கைப் பிடித்தார். "கிதார், மதலைமேரி" என்றார். முழுப் பெயர். என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள், எனக்கு நின்று வாசித்துப் பழக்கமில்லை. அவர் ஆர்மோனியத்தில் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். என் விரலுக்கு அது என்னைவிட முன்னால் தெரிந்திருந்தது. ரெண்டு இடத்தில் வழுக்கியது, அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் முறைத்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார். அக்ஸிலியா விசில் அடித்தாள், லீமா அவளை அடக்கப் போய்த் தானும் அடித்தாள். ஜெரால்டு வரிசை வரிசையாகப் போய் அந்தக் கீறல் எல்லாம் தன் ஷெட்டில் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பழைய ரயில்வே கார்டு தன் ஸ்கூட்டருக்கும் அதே மாதிரி போட்டுத்தர முடியுமா என்று கேட்டாராம்.

கிளம்பும்போது எக்கோ மிஷின் விஷயத்தைக் கேட்டேன். விடுவேனா. அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதாம். அந்த மைத்துனர் இப்போது இல்லை, விசாரிக்க வழியில்லை. நம்புகிறேன், முக்கால்வாசி.

பிப்ரவரி 13, செவ்வாய்

அக்ஸிலியாவிடம் கிதாரைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் பலகை, அவள் ஒயர். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். தனக்கு வேறொன்று செய்துகொள்ளப் போகிறாளாம். அடுத்த பார்சலுக்குச் சொல்லிவிட்டாள். ஜெரால்டு கும்பிட்டார்.

இன்னாசி அண்ணன் போன் செய்தார். வியாழக்கிழமை சாயந்தரம் அவர் வீட்டில் ரிகர்சல், பழைய ஆட்கள் மட்டும். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

சொன்ன நேரத்துக்கு நான் போய்விட்டேன். அவர் வீட்டிலேயே ரிகர்சல், அவரே தாமதம். தூங்கிவிட்டாராம். தந்தி கட்டிய கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் காத்திருந்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டர் முடியட்டும்.